கம்பளியும் பொலித்தீன் படங்கும்

ஆங்கிலேயர் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த காலத்தில் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொற்களைத் திரட்டி 1886இல் ஓர் அகராதி வெளிவந்தது. 'ஹொப்சன் ஜொப்சன்' என்பது அதன் பெயர். அதில் 'கம்ப்ளி' என்றொரு சொல் இருக்கிறது. நம்முடைய கம்பளிதான். ஆங்கிலேயரிடம் நயமான கம்பளித் துணிக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆனால் தோட்டத்துத் தொழிலாளி தலையில் போட்டுக்கொண்ட அந்த முரட்டுக் கறுப்புப் போர்வையைச் சொல்ல அவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. துரைமார் எழுதிய கணக்குகளில் அரிசியோடு கம்பளியும் இடம்பெற்றது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து வந்த மக்களுக்கு அது தோட்டத்தில் கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டது என்றால் இனாம் என்று எண்ண வேண்டாம். விலை அவர்கள் சம்பளத்தில் கழிக்கப்பட்டது.

அந்தக் கம்பளி இரவில் லயக் காம்பராவில் போர்வை. பகலில் மழை வந்தால் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் அதுவே கொங்காணி. குழந்தையைப் படுக்க வைக்கவும் அதுதான். ஒரே துணிக்கு இத்தனை வேலை.

இன்று பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ தெரணியகலையிலோ கொழுந்து மலையைப் பார்த்தால் கம்பளியைக் காண முடியாது. இடுப்பைச் சுற்றிப் பொலித்தீன் படங்கு. தலையில் இன்னொரு பொலித்தீன் தாள். இறப்பர்த் தோட்டமானால் மரத்துக்கே பொலித்தீன் பாவாடை கட்டியிருப்பார்கள், மழை நீர் பால் சிரட்டையில் விழாமலிருக்க. தவறணைக்குப் போனால் ஒவ்வொரு கன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள் நிற்கிறது. மூன்று தலைமுறைக்குள் ஆட்டு மயிரின் இடத்தை மண்ணெண்ணெய்க்கு உறவான ஒரு பொருள் பிடித்துக்கொண்டது. உலகத்தின் வேறு சில மூலைகளிலோ இப்போது எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடக்கிறது. பிளாஸ்டிக் இருந்த இடத்தில் மறுபடியும் கம்பளியை வைத்துப் பார்க்கிறார்கள். அது என்ன முயற்சி, அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞானம் படிக்கும் மாணவிகளும் மனையியல் படிக்கும் மாணவிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கக்கூடிய விடயம் இது.

முதலில் கம்பளி என்ற பொருளைப் புரிந்துகொள்வோம். அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம்முடைய தலைமுடியும் நகமும் அதே புரதம்தான். ஒரு கம்பளி இழையை நுணுக்குக்காட்டியில் வைத்தால் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் தெரியும். செதிலின் வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் இருப்பதால் மழைத்துளி விழுந்தவுடன் உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கிறது. ஆனால் நீராவி மட்டும் செதில்களின் இடையே புகுந்து உள்ளே போகிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாத துணி கம்பளி. அப்படி ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. நனைந்த பருத்திச் சட்டை உடம்பைக் குளிரச் செய்வதும் நனைந்த கம்பளி அப்படிச் செய்யாததும் இதனால்தான்.

பொலித்தீன் இதற்கு நேர்மாறு. மழையை உள்ளே விடாது, வியர்வையை வெளியே விடாது. காலை முழுதும் மலையேறி இறங்கிக் கொழுந்து கிள்ளும் தாயின் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்தால் உட்புறம் மழையில்லாமலே ஈரமாயிருக்கும்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பளி எளிதில் தீப்பற்றாது. ஏறத்தாழ 570 பாகை செல்சியஸுக்கு மேலே போனால்தான் பற்றும். பற்றினாலும் உருகிச் சொட்டாது, கருகித் தானே அணையப் பார்க்கும். செயற்கை இழைகள் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கும் பெண்கள் நைலோன், பொலியெஸ்டர் ஆடைகளோடு நிற்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வெறும் பயமல்ல.

கடைசியாக மண். கம்பளியில் ஏறத்தாழ 16 வீதம் நைதரசன், 3 வீதமளவு கந்தகம். ஈரமான மண்ணில் புதைத்தால் சில மாதங்களில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடிக்கும். செடிக்கு அது உரம். இதனால்தான் விற்க முடியாத கழிவுக் கம்பளியை உருண்டைகளாக அழுத்தித் தோட்ட உரமாக விற்கும் தொழில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்திருக்கிறது.

இவ்வளவு நல்ல பொருளைத் தோட்டத்து மக்கள் ஏன் கைவிட்டார்கள்? கைவிட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர். கம்பளி விலை கூடியது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழையில் மணிக்கணக்கில் நின்றால் எந்தக் கம்பளியும் தோற்றுப்போகும். முழுதாக நனைந்த முரட்டுக் கம்பளியைச் சுமப்பதே ஒரு வேலை. ஒரே அறையுள்ள லயத்தில் அதைக் காயப்போட இடமும் இல்லை, வெயிலும் இல்லை. பொலித்தீனை உதறினால் போதும், காய்ந்துவிடும். அட்டையையும் துணியைவிட எளிதாகத் தட்டிவிடலாம். பழையதெல்லாம் பொன் என்று சொல்லிக்கொண்டு கம்பளிக் காலத்தை ஏக்கத்தோடு பாடுபவர்கள், அந்தக் கம்பளியின் கடனையும் சேர்த்துப் பாட வேண்டும்.

பழைய கம்பளி எப்படிச் செய்யப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. தக்காணத்தில் ஆடு மேய்க்கும் குறும்பர் சமூகத்தார் தங்கள் கறுப்பு ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, கையால் நூற்று, குழித்தறியில் நெய்தார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய கூழைப் பூசுவார்கள். அந்தக் கூழ் நூலை இறுக்கும், கம்பளியை விறைப்பாக்கும், மழைநீர் வழிந்தோட உதவும். பெற்றோலிய இரசாயனம் ஒரு துளியும் இல்லாத மழைச்சட்டை அது. இன்று 'புத்தாக்கம்' என்று சொல்லப்படும் பலவற்றைப் படிக்கும்போது இந்தப் புளியங்கொட்டைக் கூழ்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி உலகில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பொலித்தீன் பிறந்தது 1933 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் ஓர் ஆய்வுகூடத்தில், வேறொன்றைத் தேடிச் செய்த பரிசோதனையில். நைலோன் 1935இல் அமெரிக்காவில் வந்தது. பொலியெஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்தில் வந்தது. 1950இல் உலகம் முழுவதும் செய்யப்பட்ட பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 இலட்சம் தொன். இன்று ஆண்டுக்கு 40 கோடி தொன்னைத் தாண்டிவிட்டது. இதுவரை குப்பையான பிளாஸ்டிக்கில் மீள்சுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 வீதம்தான் என்று 2017இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. உலகில் செய்யப்படும் இழைகளில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர், கம்பளியோ ஒரு வீதமளவில்தான் நிற்கிறது.

இதனால் நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற ஆட்டு நாடுகளில் ஒரு விசித்திர நிலை. அங்குள்ள முரட்டுக் கம்பளி முன்பு தரைவிரிப்புக்குப் போனது. தரைவிரிப்பெல்லாம் நைலோனாக மாறியதும் விலை விழுந்தது. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கூலிகூடக் கம்பளி விற்றுக் கிடைப்பதில்லை. கத்தரிக்காமல் விடவும் முடியாது, ஆடு நோயில் விழும். தக்காணத்துக் குறும்பருக்கும் இதே கதிதான். வாங்க ஆளில்லாமல் மயிரை மேய்ச்சல் நிலத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆகவே கம்பளிக்குப் புதுப்பயன் தேடுவது சூழல் ஆர்வலரின் ஆசை மட்டுமல்ல, ஆட்டுக்காரரின் பிழைப்பு.

தேடியதில் கிடைத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பொதியிடல். குளிரூட்டிய இறைச்சி, மீன், தடுப்பூசி மருந்து ஆகியவற்றை அனுப்ப உலகெங்கும் ரெஜிபோம் பெட்டி பயன்படுகிறது. பிரித்தானியாவின் 'வூல்கூல்' நிறுவனம் அந்த ரெஜிபோமுக்குப் பதிலாகக் கழுவிய கம்பளியை மெத்தை போல அமுக்கிப் பெட்டியின் உட்சுவராக வைக்கிறது. இழைகளின் இடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. பெட்டிக்குள் ஊறும் ஈரத்தைக் கம்பளி உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே குளிர் நிலையாக நிற்கிறது. ஆட்டுக்கு எதைச் செய்ததோ அதையே பெட்டிக்கும் செய்கிறது.

இன்னொன்று கடலோடு தொடர்புடையது. அலைச்சறுக்குப் பலகைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்யப்படுகின்றன. நியூசிலாந்தில் பலகை செய்யும் போல் பரன் என்பவர் தம் கம்பளி மேலாடையில் பிசின் சிந்தி இறுகிப்போனதைப் பார்த்தார். கண்ணாடி இழையின் இடத்தில் கம்பளியை வைத்தால் என்ன என்று தோன்றியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2019இல் அந்தப் பலகை சந்தைக்கு வந்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பக்ஃபாஸ்ட்லி என்ற ஊர் முன்பு கம்பளித் தரைவிரிப்புக்குப் பேர்போனது. அங்கே 'சொலிட்வூல்' என்ற சிறு பட்டறை மலையாட்டின் கருஞ்சாம்பல் கம்பளியைப் பிசினோடு சேர்த்து அழுத்திக் கதிரை செய்தது. நியூசிலாந்தில் கம்பளியைத் தாவரப் பிளாஸ்டிக்கோடு கலந்து மணிகளாக்கி, கத்திப்பிடி போன்ற பொருள்களை வார்க்கிறார்கள். யோர்க்‌ஷயரின் பழைய ஆலையொன்று 2009 முதல் கம்பளியால் சவப்பெட்டியே செய்கிறது. இது அவர்களுக்கு முற்றிலும் புதிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இறந்தவரைக் கம்பளித் துணியிலேயே அடக்க வேண்டுமென்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது, கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற!

இவற்றைப் படித்து வியக்கும்போதே ஒரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். அந்தக் கதிரையில் கம்பளியைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் எது? அது எப்பொக்சி வகை. ஒரு பகுதி தாவரத்திலிருந்து வந்தாலும் இறுகிய பின் மண்ணில் மக்காது. கம்பளி தனியே மக்கும், பிசினில் சிறைப்பட்ட கம்பளி மக்காது. கழுவினால் சுருங்காது என்று சொல்லி விற்கும் நயமான கம்பளி ஆடைகளிலும் பெரும்பாலும் ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய செயற்கைப் பிசின் பூசப்பட்டிருக்கும். ஆடு விடும் மெதேன் வாயுவும் கணக்கில் வர வேண்டும். 'இயற்கை' என்ற ஒரு சொல்லைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடக் கூடாது.

இதைவிட நமக்கு நெருக்கமான ஏமாற்றம் ஒன்று உண்டு. மனையியல் வகுப்பில் குரோஷே பின்னுவதற்குக் கடையில் 'வூல்' கேட்டு வாங்குகிறோமே, அந்த உருண்டையின் தாளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'நூறு வீதம் அக்ரிலிக்' என்றிருக்கும். அக்ரிலிக் பிளாஸ்டிக். ஆட்டைப் பார்த்தே இராதது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி 6 கிலோகிராம் அக்ரிலிக் துணியை ஒரு தடவை இயந்திரத்தில் கழுவினால் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் கழிவுநீரில் போகக்கூடும். அபாயாவும் ஹிஜாபும் இன்று பெரும்பாலும் பொலியெஸ்டர். அதுவும் இழை உதிர்க்கும், அக்ரிலிக்கைவிடக் குறைவாக. அரபியில் கம்பளிக்கு 'ஸூஃப்' என்று பெயர். முரட்டுக் கம்பளி உடுத்திய எளியவர்கள் என்பதால்தான் ஸூஃபிகளுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆட்டுக் கம்பளியும் ஒட்டக உரோமமும் வெள்ளாட்டு முடியும் மனிதருக்கான கொடைகளாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் சொல்லப்படுவதை நம் மாணவிகள் அறிவார்கள்.

எது கம்பளி, எது பிளாஸ்டிக் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆசிரியையோ உம்மாவோ பக்கத்தில் இருக்க, ஓர் அங்குல நூலை இடுக்கியால் பிடித்து மெழுகுதிரிச் சுடரில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் மணத்தோடு சுருங்கி, நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். அக்ரிலிக்கும் பொலியெஸ்டரும் உருகிக் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும்.

சரி, நம் நாட்டில் கம்பளி இருக்கிறதா? இலங்கையின் செம்மறி ஆடுகள் பெரும்பாலும் வடக்கிலும் உலர் வலயத்திலும் வளர்கின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மறியின் உடம்பில் இருப்பது வெப்பத்துக்கு ஏற்ற குட்டை முடி, நூற்கும் கம்பளி அல்ல. தமிழ்நாட்டிலும் நல்ல கம்பளி தரும் ஆடு மலையில்தான். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டுக்கான ஆராய்ச்சி நிலையமும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ கம்பளியைக் கப்பலில் இறக்கிப் பிளாஸ்டிக்கைக் குறைப்பது கேகாலைக்குப் பொருந்தாத வேலை.

ஆனால் அவர்கள் செய்ததன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் ஊரில் விலைபோகாமல் கிடக்கும் இழை எது என்று அவர்கள் பார்த்தார்கள். நம் ஊரில் அப்படிக் கிடப்பவை தேங்காய்ப் பொச்சும் கமுக மட்டையும்.

தும்பைப் பற்றித் தெரியாதவர் இல்லை. கபில நிறத் தும்பு ஏற்றுமதியில் இலங்கை உலகின் முன்வரிசையில் நிற்கிறது. தும்பில் லிக்னின் அதிகம், அதனால் ஈரத்தில் மெதுவாகவே மக்கும். கயிறும் தும்புத்தடியும் மட்டுமல்ல, மண்சரிவுச் சரிவுகளில் விரிக்கும் வலைப்பாயும் நாற்றுச் சாடியும் அதிலிருந்து வருகின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 'இறப்பர் ஏற்றிய தும்பு'. சுருள வைத்த தும்பின் மேல் இறப்பர்ப் பாலைத் தெளித்து, அமுக்கி, சூட்டில் பதப்படுத்தினால் மீள்திறனுள்ள மெத்தை கிடைக்கும். பிளாஸ்டிக் நுரை மெத்தைக்கு மாற்று அது. டெவன் பட்டறை கம்பளியையும் எப்பொக்சியையும் சேர்த்த இடத்தில், இங்கே இழையும் மரத்திலிருந்து, பிசினும் மரத்திலிருந்து. கேகாலை இறப்பர் மாவட்டம். 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் அதன் பாலைப் பிளாஸ்டிக்கின் எதிரியாக நினைத்துப் பார்ப்பதில்லை.

கமுக மட்டை இன்னும் எளிது. மரம் தானே உதிர்க்கும் மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அமுக்கினால் தட்டு. பசை வேண்டாம், பூச்சு வேண்டாம். யட்டியந்தோட்டை, ருவன்வெல்லைப் பக்கங்களில் கமுகு இல்லாத வளவைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்ட பின், அவ்வாண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. தடை வந்த இடத்தில் மாற்றுப் பொருள் கைக்கெட்டும் விலையில் இல்லாவிட்டால் தடை தாளில்தான் இருக்கும். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சோறு பரிமாறும் வீடுகளே கமுக மட்டைத் தட்டுக்கு முதல் வாடிக்கையாளராகலாம். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தவறணைப் பைக்கும் தும்புச் சாடி உண்டு, விலைதான் தடை. வெளிநாட்டுக்குப் போகும் தும்புச்சோற்றுப் பொதிகளே பொலித்தீன் உறையில் போகின்றன என்பது வேடிக்கை. இறப்பர் மரத்தின் மழைப் பாவாடைக்குக் கம்பளியும் தும்பும் உதவா.

இனிக் கொழுந்துக்காரியின் படங்கு. இதற்கு விடை கம்பளி அல்ல என்று மேலே பார்த்தோம். பொலித்தீனும் நல்ல விடை அல்ல. வேர்க்கும், கிழியும், கிழிந்தது கானில் கிடந்து களனி கங்கைக்கோ களு கங்கைக்கோ போகும். இங்கே ஒரு பழைய செய்தி உதவக்கூடும். பொலித்தீன் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னரே, 1823இல், ஸ்கொத்லாந்துக்காரரான சார்ல்ஸ் மக்கின்டொஷ் இரண்டு துணிகளுக்கிடையே கரைத்த இறப்பரைப் பூசி மழைத்துணி செய்து காப்புரிமை பெற்றார். மழைச்சட்டைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. அவருக்கும் முன்னரே அமேசன் காட்டு மக்கள் துணியில் இறப்பர்ப் பாலைப் பூசிக்கொண்டார்கள். பருத்தித் துணி, அதன்மேல் நம் மரத்துப் பால், கந்தகத்தோடு பதப்படுத்திய ஒரு படங்கு. கனம் கூடும், வேர்க்கவும் செய்யும், மண்ணில் மக்க ஆண்டுகள் எடுக்கும். ஆயினும் பொலித்தீனைப் போலப் பொடிப்பொடியாகி நூற்றாண்டுக்கணக்கில் நிற்காது. கிழிந்தால் ஒட்டுப் போடலாம்.

விஞ்ஞான மன்ற மாணவிகளுக்கு ஒரு வேலை தரலாம். கம்பளித் துண்டு, அக்ரிலிக் நூல், பருத்தி, பொலித்தீன், தும்பு, இறப்பர் பூசிய துணி ஆகிய ஆறையும் ஒரே அளவில் வெட்டி, வலைப்பைகளில் இட்டு, பாடசாலைத் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, எடையைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கொரு தடவை தோண்டி எடுத்து, கழுவி, காயவைத்து நிறுத்துப் பாருங்கள். இறப்பர்ப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர், மீதி நீர். ஒரு முழப் படங்குக்கு எத்தனை சிரட்டைப் பால் வேண்டும், அதன் இன்றைய விலை என்ன, ஒரு பொலித்தீன் படங்கு எத்தனை மாதம் தாங்குகிறது என்பதைப் பால் வெட்டுபவர்களிடமும் கொழுந்து எடுப்பவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். தாய்மார் மலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் கடைசி விடையை அவர்களோடு சேர்ந்துதான் எழுத முடியும்.